பத்தில் ஒன்பது பங்கு பாலம்

செம்பாற்றங்கரையில் திருமாறன் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். யாராவது ஏதாவது வாசித்துவிட்டால் போதும், உடனே பொன்னாடை போர்த்திவிடுவார், அவ்வளவுதான் குறை.

மக்களின் வண்டிகள் அக்கரைச் சந்தைக்குப் போகட்டும் என்று ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டச் சொன்னார். பொறுப்பு அமைச்சர் சடகோபருக்கு. இரண்டு வருஷத்தில் முடிய வேண்டிய வேலை, பதினொரு வருஷமாக நடந்தது. செலவோ மூன்று மடங்கு. ஆனால் பௌர்ணமிதோறும் சபையில் அறிக்கை வாசிப்பது மட்டும் ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை. பத்தில் ஒன்பது பங்கு முடிந்தது என்பார் அமைச்சர். சபை கைதட்டும். பொன்னாடை விழும். அடுத்த பௌர்ணமிக்கும் அதே ஒன்பது பங்குதான், பொன்னாடை மட்டும் புதுசு.

ஒருமுறை, பாலத்தைப் பார்த்துக்கொண்டே அறிக்கையைக் கேட்க மன்னருக்கு ஆசை வந்தது. அக்கரையில் பந்தல் போட்டார்கள். சபையே சோலையப்பனின் படகில் ஏறிப் போய் இறங்கியது. ஊருக்கு இருந்தது அந்த ஒரே படகுதான்.

அன்றைய அறிக்கையில் புதுச் சங்கதி ஒன்று இருந்தது. தாமதத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம் அமைச்சர். சோலையப்பனின் படகு கிளப்பும் அலைதான் தூண்களை ஆட்டுகிறதாம். படகை உடைத்தால் பாலம் மளமளவென்று முடிந்துவிடுமாம்.

"சாமி, எனக்கு வேற பொழப்பு இல்லீங்க" என்று கும்பிட்டான் சோலையப்பன். மன்னர் யோசிக்கவே இல்லை. நாளைக் காலையில் உடையுங்கள் என்றார்.

சபை விகடகவி வாகீசன் எழுந்தான். "நாளை எதற்கு மன்னா? இப்போதே உடைத்துவிடலாம்" என்றவன், பந்தற்காரரிடம் கோடரியும் வாங்கிக்கொண்டான். நீங்களுமா ஐயா என்பதுபோல் அவனைப் பார்த்தான் சோலையப்பன். பாவம், அவன் கண் கலங்கிவிட்டது.

அமைச்சர் பதறினார். "அவசரம் வேண்டாம். நாம் வீடு திரும்பிய பிறகு..."

"திரும்பத்தான் உங்கள் பாலம் இருக்கிறதே. ஒன்பது பங்கு நடந்துவிடலாம்" என்றான் வாகீசன்.

"நடுவில் மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்கு?" என்றார் மன்னர்.

"அதற்குப் பதினொரு வருஷத்து அறிக்கைகள் இருக்கின்றன மன்னா. ஓலைக் கட்டுகளை வரிசையாகப் பரப்பினால் இடைவெளி அடைபட்டுவிடும். அமைச்சர் முதலில் நடந்து காட்டட்டும்."

சடகோபர் பாலத்தை எட்டிப் பார்த்தார். கீழே ஆறு சுழித்து ஓடியது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் ஆள் கனம் தாங்காது மன்னா."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமைச்சருக்கென்று கொண்டுவந்த பொன்னாடையைச் சோலையப்பனுக்குப் போர்த்தினார். உனக்கு என்ன வேண்டும் என்று வாகீசனைக் கேட்டார். பாலம் முடிந்ததும் அதன் காவல் வேலையைச் சோலையப்பனுக்குத் தர வேண்டும் என்றான் அவன். அப்படியே ஆகட்டும் என்றார் மன்னர்.

எல்லாரும் படகேறினார்கள். பின்னாலேயே காலை வைத்த சடகோபரை மன்னர் தடுத்தார்.

"நீர் உம் பாலத்திலேயே வாரும். முடிந்ததும்."

அக்கரையில் வேலையாட்களின் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அவரே நின்று வேலை வாங்க, நாற்பதே நாளில் பாலம் முடிந்தது. முதல் ஆளாக அதில் ஓடி வந்தவர் சடகோபர்தான். அறிக்கை எங்கே என்று கேட்டார் மன்னர். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக உண்மை அறிக்கை ஒன்று வந்தது, அதுவும் ஒரே வார்த்தையில்:

"பசிக்கிறது."