ராய்ஸ்டனின் குரலுக்கு ஒரு வீடு

கண்ணை நம்பினால் இந்தக் கதைக்கு விடை கிடைக்காது, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வீடு, அதைக் கேட்டு வந்த மூன்று பேர், பேசுகிற ஒரு கிளி. வேறு சரக்கு எதையும் இதில் ஒளித்து வைக்கவில்லை.

தூத்துக்குடியில் டெல்பின் என்று ஒரு தாய். அவளுடைய ஒரே மகன் ராய்ஸ்டன் போதை மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, மீசை சரியாக முளைக்கும் முன்பே இறந்துபோனான். ஆள்தான் போனான், குரல் போகவில்லை. அவன் வளர்த்த சாம்பல் நிறக் கிளி விளக்கு வைக்கிற நேரம் பார்த்து, அச்சு அசல் அவன் குரலிலேயே கெஞ்சும்: "எம்மா, இன்னைக்கு மட்டுந்தாம்மா. நாளைக்கு விட்டுருதேன்."

அது சொல்லி முடித்த மறுகணம் டெல்பின் ஓடிப்போய்க் கூண்டின் மேல் துணியைப் போட்டுவிடுவாள். இருட்டானால் கிளி அடங்கிவிடும். அதற்குமேல் அது என்ன பேசும் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டைத் தானமாகக் கொடுத்துவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்தாள். பின்னறை மட்டும் சாகும்வரை அவளுக்கு. மற்றதெல்லாம் நல்ல காரியத்துக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று. கிளி முன்னறையில்தான் இருக்க வேண்டும், அதற்குப் புதுப் பேச்சு எதுவும் பழக்கக் கூடாது. மகனில் மிச்சம் இருப்பது அந்தத் தொண்டையில்தானே.

கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சந்தனமாரி. மனநோயோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் பகல் இல்லம் நடத்தும் அருள்தாசன். போதையை விட வந்த பையன்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் கசாலி. மூவருமே வாடகைக் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலைமை. போன ஞாயிறு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சந்தனமாரியோடு வந்த பெனிட்டா, காலில் இரும்புப் பட்டை போட்ட சிறுமி, மாடி கொல்லை எதையும் பார்க்கவில்லை. கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து விக்கி விக்கிச் சிரித்தபடியே இருந்தாள்.

இந்த ஞாயிறு சாயங்காலம் முடிவு சொல்ல மூவரும் மறுபடி வந்தார்கள். பெனிட்டா வரவில்லை; காய்ச்சலோடு தன் வீட்டில் படுத்திருந்தாள்.

டெல்பின் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, நிபந்தனையைத் திரும்பவும் சொன்னாள்.

"இவ்வளவுதானாக்கா? கண்ணு மாதிரி பாத்துக்கிடுதோம்," என்றாள் சந்தனமாரி.

"பிள்ளைங்க சத்தம் போடுமே?"

"அதட்டி வச்சுக்கிடுதேன்."

"நீங்க அதட்டுத லட்சணம் எங்களுக்குத் தெரியாதா," என்று சிரித்தார் கசாலி. "ஒங்க மையத்துக்கு வந்தா நான் பேசுதது எனக்கே கேக்காது."

அருள்தாசன் காப்பியைத் தொடவில்லை. "எங்களுக்கு வேண்டாம்மா. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு, யாருமே இல்லாத ரூம்ல இருந்து குரல் கேக்கும். அது நெசமில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் அவங்கள நிமித்திக்கிட்டு இருக்கோம். இங்க நெசமாவே கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"வீடு இல்லாம எங்க போவீங்க?"

"தெரியலம்மா."

வெளியே தெருவிளக்கு எரிந்தது. "எம்மா," என்றது கூண்டு. "இன்னைக்கு மட்டுந்தாம்மா. நாளைக்கு விட்டுருதேன்."

டெல்பின் துணியோடு எழுந்தாள்.

"மூடாதீங்கம்மா," என்றார் கசாலி. "எங்க பையனுவ ஒவ்வொருத்தனும் வீட்ல சொல்லிட்டு வந்த வசனம் இது. இதை அவனுவ தினமும் கேக்கணும். ஒரு சொல்லு மாறாம நான் காப்பாத்துதேன்."

அவள் கை துணியோடு அந்தரத்தில் நின்றது. கிளி தலையைச் சாய்த்தது. அதன் தொண்டையிலிருந்து தகர டப்பாவின் மூடி திறக்கிற சத்தமும், உள்ளே சில்லறை குலுங்குகிற சத்தமும் வந்தன. பிறகு ஒரு பெண் குரல், சலிப்பும் பாசமுமாக: "இந்தா. இதான் கடைசி."

அது டெல்பினின் குரல்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தையே இல்லாத அந்த அறையில், ஒரு குழந்தை விக்கி விக்கிச் சிரித்தது.

"பாத்தியளா," என்றார் கசாலி மெதுவாக. "ஒரே வாரத்துல கிளி புதுசு பழகிட்டு." சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

டெல்பின் டம்ளர்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

இப்போது சொல்லுங்கள். காக்க முடியாத வாக்கைச் சிரித்த முகமாகக் கொடுத்தவள் ஒருத்தி. போக்கிடம் இல்லாதபோதும் வாக்குக் கொடுக்க மறுத்தவர் ஒருவர். சொன்னபடி காத்துக் காட்டக்கூடியவர் ஒருவர். இவர்களில் யாருக்கு டெல்பின் வீட்டை எழுதுவது சரி?

விடை: நேர்மைக்குத்தான் வீடு என்றால் அருள்தாசனுக்கு, வாக்குக்குத்தான் என்றால் கசாலிக்கு. ஆனால் கசாலி வாக்கைக் காத்தால், ராய்ஸ்டன் தினமும் கெஞ்சுவான், அவளும் தினமும் காசு டப்பாவைத் திறப்பாள். அவருடைய பையன்களுக்கு அதைக் கேட்கக் கிளி வேண்டாம். அவர்களுக்குள்ளேயே அந்தக் குரல் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அருள்தாசனுக்குக் கொடுத்தால் கிளியை அவளே வெளியே அனுப்ப வேண்டும்; மகனை வாசல் தாண்டி அனுப்ப இன்னொரு தடவை அவளுக்குத் தெம்பு கிடையாது. யார் கையும் படாமல் தானாக உடையக்கூடியது சந்தனமாரியின் வாக்கு ஒன்றுதான். எல்லோர் காதிலும் விழுந்த சிரிப்பு தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னபோதே டெல்பின் அவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பிள்ளைகளின் இரைச்சலில் அந்தக் கெஞ்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒரு சாயங்காலம் முன்னறையிலிருந்து யாரோ ஒரு பிள்ளையின் குரலில் "எம்மா" என்று கேட்கும். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும், பின்னறையிலிருந்து டெல்பின் "என்னய்யா" என்பாள்.