சிப்போரா வீட்டுப் பண்டிகைக்குப் பேர் எழுதின கதை

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தம்பியும் இருந்தாங்களாம். அக்கா சிப்போரா, தம்பி எலியாவு. கடலோரத்து ஊரு. அங்க யூதக் குடும்பம்னா அது அவங்க மட்டுந்தான். அவங்க அப்பா கட்டின சின்ன ஜெபவீடு ஒண்ணு இருந்துச்சு.

அப்புறம் ஒரு புயல் வந்துச்சு பாரு, ஹோ...ன்னு! கடல் தண்ணி குபுகுபுன்னு பூந்து, ஜெபவீடெல்லாம் சேறு. "இனிமே யாருக்கா இங்க வரப்போறா? பூட்டிருவோம்"னான் எலியாவு. "அப்பா கட்டினதுடா!"ன்னா சிப்போரா. வார்த்தை தடிச்சு, பேச்சே நின்னு போச்சு.

ம் கொட்டு கண்ணு. ம்...

அப்போ மார்கழி. அவங்க விளக்குப் பண்டிகை வந்துச்சு. சிப்போரா ஒத்தையா சேறு அள்ளி, சர்ர் சர்ர்னு கழுவினா. ஊரையே கூப்பிடுவோம்னு, போர்டு எழுதுற தங்கப்பழம் அண்ணாச்சிகிட்ட பண்டிகைப் பேர் போட்ட இங்கிலீஷ் வாழ்த்து அட்டையைக் காட்டினா. அவரு எழுத்துக்கூட்டி 'சனுக்கா'ன்னு எழுதினாரு.

"ஐயோ, தொண்டையிலருந்து வரணும் அண்ணாச்சி!"

அழிச்சிட்டு 'கனுக்கா'ன்னு எழுதினாரு. ஒரு அம்மா மஞ்சச்சோறு உருண்டையோட வந்து நின்னாங்க. "கூடப்பொறந்தவங்களுக்காக வைக்கிற கனுப்பிடி இங்கதான் வைக்கணுமா? பொங்கலே இன்னும் வரலையே?"

அப்புறம் 'ஹனுக்கா'ன்னு எழுதினாரு. தெருப் புள்ளைங்க திமுதிமுன்னு வந்து, "அனு அக்கா! அனு அக்கா! வெளிய வாங்க!"ன்னு கத்துச்சுங்க.

சிப்போரா களுக்குன்னு சிரிச்சா. சிரிச்சுட்டே பொசுக்குன்னு அழுதுட்டா. "இந்தப் பேரைச் சரியாச் சொல்ல ஊர்ல இன்னொரு வாய்தான் இருக்கு. அதுவும் எங்கூடப் பேச மாட்டேங்குது."

"பேரு கெடக்கட்டும் தாயி. அர்த்தம் என்ன?"ன்னாரு அண்ணாச்சி.

"முன்னொரு காலத்துல எங்க கோயிலை எதிரிங்க பாழாக்கிட்டாங்க. எங்காளுங்க அதை மீட்டு, கழுவி, விளக்கேத்தி, மறுபடி ஆண்டவனுக்கே ஒப்படைச்சாங்க. அந்த ஒப்படைக்கிறதுதான் பேருக்கு அர்த்தம்."

அவரு போர்டை அழிச்சாரு. மடமடன்னு எழுதினாரு: 'சேறு கழுவியாச்சு. ஆண்டவன் வீட்டை ஆண்டவனுக்கே ஒப்படைக்கிறோம். விளக்குப் பாக்க வாங்க.'

ம்... தூங்கிட்டியா? இல்லியா? சரி.

பொழுது சாயுற நேரம் தெருவே வந்துச்சு. எல்லாருக்கும் பின்னாடி எலியாவு. போர்டைப் படிச்சான், இன்னொரு தடவை படிச்சான். தரையைப் பாத்தான், அக்கா கையில காப்புக் காய்ச்சிருந்ததைப் பாத்தான். வாசல்லயே நின்னு, "உள்ள வரலாமாக்கா?"ன்னான்.

"செருப்பைக் கழட்டிட்டு வாடா. இப்பத்தான் கழுவினேன்"னா சிப்போரா.

அவன்தான் விளக்கேத்தினான். பண்டிகைப் பேரைத் தொண்டையிலருந்து சொன்னான். புள்ளைங்களும் சொல்லிப் பாத்துச்சுங்க, ஆளுக்கொரு விதமா. யாரும் யாரையும் திருத்தல. பூட்டுங்கிற பேச்சை எலியாவு அப்புறம் எடுக்கவே இல்ல.

அவங்க விளக்கு எரியட்டும், நம்ம கதை அணையட்டும். கண்ணை மூடு தங்கம்.