பின்சீட்டில் கேட்ட சத்தம்

“மூணு ஷெட் ஏறி இறங்கிட்டேம்மா. வண்டிக்குப் பின்னால டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். யாருக்கும் பிடிபடல.”

தணிகாசலம் இதைச் சொன்னபோது சலோமி வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அரக்கோணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அலைந்து அலுத்துக் கடைசியாக வந்து சேரும் இடம் அவளுடைய ஷெட். அவளுக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது.

அவருக்கு ஐம்பத்தாறு. காருக்கு இருபத்திரண்டு.

சத்தம் நின்றால் மனைவி மறுபடி வண்டியில் ஏறுவாள் என்று அவர் நம்பியிருந்தார். காஞ்சிபுரத்தில் படுக்கையில் கிடக்கும் அக்காவைப் பார்க்க வாராவாரம் போகிறவள் புனிதவதி. இரண்டு மாதமாய், முழங்கால் வலியோடு, பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறாள். கூப்பிட்டால் பரவாயில்லை என்கிறாள். கோபமாகச் சொன்னாலாவது தேவலை.

சலோமி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்பலேர்ந்து சார்?”

“நான் கேக்கறது ரெண்டு மாசமா.”

“அதுக்கு முன்னாடி?”

“வீட்ல சொல்லிட்டிருந்தாங்க. அவங்கதான் பின்சீட்ல கால் நீட்டி உக்காருவாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“சத்தம் வருதுன்னு.”

“எந்தப் பக்கம்? ஏறும்போதா, இறங்கும்போதா?”

தணிகாசலம் யோசித்தார். அந்தப் பயணங்களில் ரேடியோவில் ஓடிய பாட்டுகள்தான் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன.

“கேட்டுட்டு வாங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்.”

“போன்லயே கேட்டுடறேனே.”

அவள் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அவர் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனார்.

புனிதவதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதும் கத்தி கொஞ்சம் நின்றது. பிறகு நிமிராமலே சொன்னாள். இடது பக்கம். வேகத்தடையில் ஏறும்போது இல்லை, இறங்கின பிறகு. இரண்டு முறை இடிக்கும், இரண்டாவது லேசாக. அவர் தம்பி குடும்பம் பின்னால் நெருக்கியடித்து வந்த அன்றைக்கு மட்டும் இடிக்கவே இல்லை.

“எவ்ளோ நாளா?”

“போன தையிலேர்ந்து.”

இப்போது ஐப்பசி.

அவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். சலோமி வேறெதையும் தொடவில்லை. நேராக இடது பின்சக்கரத்தைக் கழற்றினாள். ஷாக் அப்சார்பரின் மேல் முனையில் ரப்பர் தேய்ந்து வாயைப் பிளந்திருந்தது. அரை மணி நேரத்தில் புது ரப்பர் ஏறிவிட்டது.

ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் சாவியைத் திருகியதும் ரேடியோ அலறியது. சலோமி கை நீட்டி அதை அணைத்தாள். தெருக்கோடி வேகத்தடையில் ஏறி இறங்கினார்கள். ஒன்றுமில்லை.

“மூணு பேருக்குப் பிடிபடாதது உனக்கு மட்டும் எப்படிம்மா?”

அவள் ரேடியோவின் சத்தம் கூட்டும் குமிழைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினாள். அதையும் பழைய ரப்பரையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

குமிழில் இருந்த எண்களெல்லாம் அழிந்து வழவழவென்று இருந்தது.

“ரெண்டும் தேஞ்சிருக்கு சார். என்னால ஒண்ணைத்தான் மாத்த முடிஞ்சுது.”

வியாழக்கிழமை காலையில் புனிதவதி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சத்தம் போய்விட்டது என்று சொல்லத்தான் தணிகாசலம் வாயெடுத்தார். சொல்லவில்லை.

“சரியாயிருக்கான்னு நீதான் கேட்டுச் சொல்லணும்” என்றார்.

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். பின்கதவைத் திறந்து ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள்.

முதல் வேகத்தடை போனது. இரண்டாவதும் போனது. பழக்கத்தில் அவருடைய இடது கை ரேடியோப் பக்கம் போயிற்று. குமிழ் இருந்த இடத்தில் ஒரு கம்பி முனைதான் விரலில் பட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

“இப்ப ஏதாவது கேக்குதா?”

ரொம்ப தூரம் வரைக்கும் அவர் காத்திருந்தார்.

“வண்டியிலயா?” என்று கேட்டாள் புனிதவதி.