உறை பிரிக்காத போர்டு

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியின் மாடியறைக்கு ஸ்மார்ட் போர்டு ஒன்று வந்து சேர்ந்தது. இதயம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் பாடம் அதனிடம் இருந்தது. வால்வு திறப்பதையும் மூடுவதையும் விரலால் தொட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அதை யாருக்காவது காட்டிவிட வேண்டுமென்று போர்டு தவித்துக் கிடந்தது.

யாரும் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. திறப்பு விழா ரிப்பனை உறையின் மேலேயே கட்டினார்கள். கதவுக்குப் பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டார்கள். அதன் பிறகு போர்டுக்காகக் கதவு திறந்தது வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத்தான். உறைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, "இன்னிக்கு யாரும் கருவியத் தொடக்கூடாது" என்று சொல்லி, பொரிகடலை தின்றுவிட்டுப் போனார்கள். மற்ற நாளெல்லாம் தொட்டுக் கிழித்துவிட்டார்களாக்கும்!

ஒருநாள் பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் இசக்கியம்மாள், துறைத்தலைவர் சடகோபனை வராந்தாவில் மறித்து நின்றாள்.

"சார், ஜெராக்ஸ்ல இதயமே தெரியல, ஒரே கறுப்பா இருக்கு. வால்வு எந்தப் பக்கம் திறக்கும்னு போர்டுல ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன். வெள்ளிக்கிழமை பரீட்சை சார்."

"கீறல் விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது. மொதல்ல அது நல்லபடியா முடியட்டும்."

போர்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பிள்ளைக்காகத்தானே என்னை வாங்கினார்கள்! திற கதவை!" என்று பூட்டைப் பார்த்துக் கத்தியது.

"உன் நல்லதுக்குத்தான் காவல் இருக்கிறேன்" என்றது பூட்டு. "பிள்ளைகள் கை பட்டால் மூன்றே மாதத்தில் பழசாகிவிடுவாய்."

"பாடம் நடத்திப் பழசாகிவிட்டுப் போகிறேன். உனக்கென்ன வந்தது?"

மேசைமேல் கிடந்த பயன்பாட்டுப் பதிவேடு சிரித்தது. மாதம் ஒருமுறை அதைக் கீழே தூக்கிப்போய், முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதி நிரப்புவது அங்கே வழக்கம். "எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்? போன செவ்வாய்க்கிழமை உன்னால் அறுபத்திரண்டு பேர் பயன்பெற்றார்கள். என்னிடம் இருக்கிறது, பார்."

"அன்றைக்கு இந்த அறைக்குள் ஒரு பல்லிகூட வரவில்லையே! வெட்கமாக இல்லையா உனக்கு?"

"எழுதுகிறவர்களுக்கே இல்லை" என்றது பதிவேடு.

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. குங்குமத்தைத் துடைத்து, உறையோடு போர்டை ஒளிரவிட்டார்கள். முதல்வர் மரம் நட்ட படம், முதல்வர் மாலை வாங்கிய படம் என்று வரிசையாக ஓடின. வாசலில் பட்டுச் சேலையில், பன்னீர்ச் செம்போடு இசக்கியம்மாள் நின்றாள்.

இதைவிட்டால் வேறு நேரம் இல்லை என்று போர்டுக்குத் தெரிந்தது. முதல்வரின் மாலையைத் தூக்கிக் கடாசிவிட்டு, இதயத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. இடது மேலறையில் ரத்தம் வந்து நிறைந்தது. இசக்கியம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள். வால்வின் இதழ்கள் அசைந்தன.

"ஏதோ வைரஸ் போல சார்!" என்று பதறிப் போய் ஒயரைப் பிடுங்கினார் சடகோபன்.

கமிட்டிக்காரர் ஒருவர் உறையைத் தடவிப் பார்த்தார். "மூணு வருஷமாச்சா? புத்தம் புதுசா வச்சிருக்கீங்களே!" என்று மனதாரப் பாராட்டினார்.

மறுநாள் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வராந்தாவில் வந்தபோது, சடகோபன் பதிவேட்டோடு நின்றார். "நேத்துப் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு. எல்லாரும் போட்டுட்டுப் போங்க."

இசக்கியம்மாள் வாங்கிப் பார்த்தாள். 'பாடம்: இதயத்தின் இயக்கம். பயன்பெற்றோர்: அறுபத்திரண்டு பேர்.'

"வால்வைத் தலைகீழாப் போட்டுட்டு வந்திருக்கேன் சார்" என்றாள். கையெழுத்துப் போடும் இடத்தில், 'நான் பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"கேட்டாயா!" என்று உள்ளே போர்டு பூட்டைப் பார்த்துக் கூவியது.

சடகோபன் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் திணித்தார். புதுப் பக்கத்தில் நிதானமாக எழுதினார்.

'பயன்பெற்றோர்: அறுபத்தொரு பேர்.'