மூச்சுக்கல்லு

ஒரு ஊர்ல ஒரு மலை, அந்த மலைக்குள்ள ஒரு கல்லு. சும்மா பாத்தா அடுப்புக்கரி மாதிரி கருப்பு. மனுஷன் மூச்சு பட்டா மினுமினுன்னு பச்சையா எரியும். மூச்ச அடக்கினா அணைஞ்சிரும். அதனால அதுக்கு மூச்சுக்கல்லுன்னு பேரு. கேக்குறியா, கண்ணு?

"ம்."

அதை வெட்டுறவங்கள்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் கொம்பையா, தம்பி பேச்சிமுத்து. ஒரே குகைக்குள்ள வேலை, ஆனா ஏழு வருஷமாப் பேச்சு இல்ல. தம்பி மகளுக்குக் காது குத்துன அன்னைக்கு, கூடப் பொறந்த அண்ணனை முதப் பந்தியில உக்கார வைக்கல. ரெண்டாம் பந்தியில பாயசமே தீந்துபோச்சு. சின்ன விஷயமா அது? இல்ல.

அப்புறம் ஒரு நாள், தடதடதடன்னு குகை சரிஞ்சிருச்சு. தம்பி அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம், நடுவுல பாறைக் குவியல். 'கெடக்கட்டும்'னு வாசலைப் பாத்து ரெண்டு எட்டு வச்சான் கொம்பையா. மூணாவது எட்டுக்குக் கால் எழும்பல.

எங்க தோண்டுறது? தப்பான இடத்துல தோண்டினா தம்பி உசுரு தாங்காது. அவன் மூச்சு வெளிச்சம்தான் இடத்தைக் காட்டணும். ஆனா கொம்பையா விடுற மூச்சுல இந்தப் பக்கச் சுவரெல்லாம் ஜெகஜோதியா எரியுது. அப்போ அவன் மூச்ச அடக்கினான். இருட்டு. பாறை இடுக்குல, முழங்கால் உயரத்துல, பச்சையா ஒரு கீத்து! ணங் ணங்குன்னு கடப்பாரையைப் போட்டான்.

அப்புறம் ரெண்டாவது தடவை அடக்கினான். கீத்து நூலா மெலிஞ்சிருச்சு. ணங் ணங்.

அப்புறம் மூணாவது தடவை அடக்கினான். ஒரே இருட்டு.

"ம்?"

ஒண்ணுமே தெரியல, கண்ணு. ஏழு வருஷம் பூட்டிக் கெடந்த வாய் அப்போ தானாத் திறந்துச்சு.

"டேய் பேச்சி! செத்துகித்துத் தொலைஞ்சிராதடா!"

பாறையில காதை வச்சான். அப்புறம் லொக்கு லொக்குன்னு ஒரு இருமல்.

"இருக்கேண்ணே."

"வெளிச்சம் ஏண்டா நின்னுச்சு?"

"கடப்பாரைச் சத்தம் நின்னுச்சுல்ல. நீ இருக்கியா, போயிட்டியான்னு பாக்க நானும் மூச்ச அடக்கினேன். உன் பக்கமும் இருட்டா இருந்துச்சு. நீ போயிட்டன்னே நெனச்சிட்டேண்ணே."

"போவேனாடா, மூதி? பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"என்னையத் திட்டு. அது நல்லா வரும்ல உனக்கு."

தம்பி திட்டினான். திட்டத் திட்ட, இடுக்குல பச்சை பளீர் பளீர்னு வந்துச்சு. அண்ணன் மூச்ச அடக்கி அடக்கிப் பாத்துத் தோண்டினான். ணங் ணங் ணங். கை நுழையுற அளவுக்கு ஓட்டை விழுந்துச்சு. கொம்பையா கையை உள்ள விட்டான். இன்னொரு கை வந்து இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. திட்டு மட்டும் நிக்கல.

அண்ணனும் தம்பியும் கதையும் குகையை விட்டு வெளிய வந்தாச்சு. இனி நீ தூக்கத்துக்குள்ள போ, கண்ணு.