எவ்வளவு கிட்டப் போகலாம்

ராஜகனி அண்ணாச்சி பெயிண்ட் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவருக்குக் குருவாக வாய்த்த ஜெனோவாவுக்கு அதில் பாதி வயதுதான். தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. விடுமுறை வந்தால் குளம், உப்பளம், கடற்கரை என்று பறவைகளைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவாள். ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தாதவளை அண்ணாச்சி வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

சீடரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"பறவைக்கு எவ்வளவு கிட்டப் போகலாம், டீச்சர்?"

"அதுகிட்டயே கேளுங்க, அண்ணாச்சி."

கேலி செய்கிறாள் என்று சிரித்துவிட்டு, அடுத்த வாரமும் அதையே கேட்பார். அவளும் சலிக்காமல் அதையே சொல்வாள்.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகவே உப்பளத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜெனோவாவுக்குப் போன் செய்தார். ஒரு பறவை சிறகொடிந்து துடிக்கிறது, உடனே வாங்க என்று பதறினார். அவள் தலை சீவக்கூட நிற்காமல் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள்.

அண்ணாச்சி சாலையோரம் நின்றிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை, கையில் துண்டு. முகத்தில் இருந்த கவலை போய் ரோஷம் வந்திருந்தது. நடந்ததைச் சொன்னார். அங்கே மணலில் ஓர் உப்புக்கொத்தி, உள்ளங்கைக்குள் அடங்குகிற பறவை, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு கத்திக் கத்தி நொண்டியது. பாவமாக இருந்தது. துண்டில் பொதிந்து தூக்கிவிடலாம் என்று பின்னாலேயே போனார். கைக்கு எட்டும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. சாலை மேட்டுக்கு வந்து சேர்ந்ததும், ஒன்றுமே நடக்காதது மாதிரி இரண்டு சிறகையும் விரித்துப் பறந்து போய்விட்டது.

"இத்தன வருசம் யாவாரம் பண்ணுன என்னையே ஏமாத்திட்டுது, டீச்சர்."

ஜெனோவா சிரிப்பை அடக்கிக்கொண்டு பைனாகுலரை நீட்டினாள். பறவையை முதலில் பார்த்த இடத்தைப் பார்க்கச் சொன்னாள். தூரத்தில், சிப்பி சிதறிக் கிடந்த மணலில் அதே பறவை கொஞ்சம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பிறகு ஓரிடத்தில் வயிற்றைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டது.

"முட்டை இருக்கு, அண்ணாச்சி. உங்களை வேற பக்கம் இழுக்கத்தான் நொண்டியிருக்கு. இந்த வெயில்ல அது எழுந்து போச்சுன்னா முட்டை வெந்துரும்."

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதம் மாதா கோவில் மண்டபத்தில் படக் கண்காட்சி. அவருக்கென்று ஒதுக்கிய சுவர் இன்னும் காலியாகத்தான் கிடந்தது. மாட்டும்படி ஒரு படம்கூட அவரிடம் இல்லை. உப்புக்கொத்தியும் முட்டையும் ஒரே படத்தில் கிடைத்தால் போதும். தவழ்ந்து போகிறேன், ஒரே படம், எடுத்ததும் திரும்பிவிடுகிறேன் என்று குழந்தை மாதிரி கெஞ்சினார்.

"மெதுவா ஒரு அடி வச்சு அதுகிட்டயே கேட்டுப் பாருங்க" என்றாள் அவள்.

மேட்டிலிருந்து இறங்கினார். பறவை எழுந்தது. அவர் நின்றார், அதுவும் நின்று அவரையே பார்த்தது. பின்வாங்கினார், அது உட்கார்ந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி காலை எடுத்து வைத்தார். மறுபடியும் எழுந்தது.

மேட்டுக்கே திரும்பி வந்தார். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"இங்கேருந்து எடுத்தா கடுகு மாதிரில்லா தெரியுது. ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துருதேன், டீச்சர்."

ஜெனோவா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தாள்.

"முட்டையை வெயில்ல விட்டுட்டு, நொண்டிக்கிட்டே ரோடு வரைக்கும் கூட வந்து உங்களை வழியனுப்பி வச்சிருக்கு, அண்ணாச்சி. மறுபடியும் போய் வாசல்ல நின்னா அது என்ன நெனைக்கும்?"