மொட்டை மாடிப் பெட்டி

வீடியோவில் தையல் வகுப்பு நடத்திப் பிழைப்பவள் செண்பகவல்லி. இணையக் கம்பெனி கைமாறியதும் அவள் தெருவுக்கே இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

புது மேனேஜர் மிடுக்காக வந்தார். "இணைப்பு தர்றேன்னு பழைய கம்பெனி சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லம்மா. புதுசா விண்ணப்பிச்சு ஒரு மாசம் காத்திருங்க."

"அதுக்குள்ள என்கிட்ட தையல் கத்துக்கிற பிள்ளைங்க வேற வகுப்புக்குப் போயிடுவாங்களே சார்!"

"அது உங்க பாடு."

"சரிங்க. அப்போ என் மொட்டை மாடியில இருக்கிற பெட்டியைக் கழற்றிட்டுப் போங்க."

மேனேஜர் பதறினார். ஊர் வயரெல்லாம் அந்தப் பெட்டியில்தான் சேருகிறது. "அதையும் சேர்த்துத்தானே வாங்கினோம்!"

"பெட்டியை வாங்கினீங்க, மாடியை வாங்கலையே? இடம் தர்றேன்னு நான் வாய்வார்த்தை சொன்னது பழைய கம்பெனிக்கு. நீங்களும் புதுசா விண்ணப்பிச்சு ஒரு மாசம் காத்திருங்க."

தெருவே கொல்லென்று சிரித்தது. மேனேஜர் அவசரமாகப் போனை எடுத்தார்.

சாயங்காலம் தெரு முழுக்க இணைப்பு வந்தது. செண்பகவல்லி வகுப்பைத் தொடங்கினாள்: "இன்னிக்கு, கோணலாத் தைச்சதைப் பிரிச்சு நேராத் தைக்கிறது எப்படின்னு பார்ப்போம்."